வாய் முந்திய காலை

1

மூன்று கிழமையாக எனக்கு அழைப்பு வரவில்லை. ஆனாலும் காலை எட்டு மணிக்கு முகம் கழுவி, தலை இழுத்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். கணினி திறந்திருக்கிறது. தொலைபேசி பக்கத்தில் குப்புறக் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, எங்கள் வோபர்ன் வீதியில் பஸ் வந்து நின்று, பெருமூச்சு விட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. பிறகு அடுத்த பஸ். எல்லாருக்கும் போக ஒரு இடம் இருக்கிறது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் தொழிலை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் மொழிபெயர்ப்பாளர். புத்தகங்களுக்கு அல்ல, வாய்ப்பேச்சுக்கு. இங்கே கனடாவில் அகதியாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிற எங்கள் ஆட்களின் விசாரணைகளில், அவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் கேட்கப்படுவதைத் தமிழிலும் சொல்கிறவள். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. அவர் "நான் ஓடினேன்" என்றால் நானும் "நான் ஓடினேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் ஓடினாராம்" என்று சொல்லக் கூடாது. ஆகவே இருபது வருடத்தில் நான் கடலில் விழுந்திருக்கிறேன். பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்றிருக்கிறேன். மீசை வைத்திருக்கிறேன். பல முறை விதவையாகியிருக்கிறேன், பல முறை மனைவியைப் பறிகொடுத்திருக்கிறேன். பின்னேரம் நாலு மணிக்கு எழும்பிப் போய் அரிசி கழுவியிருக்கிறேன்.

அந்த இருபதாவது வருடம் முடிந்த நாளில் மகள் அபி ஒரு கேக் வாங்கி வந்தாள். இருபத்திரண்டு வயது. இங்கே பிறந்தவள். கேக்கில் என் பெயரைக் கடைக்காரர் ஒரு எழுத்துக் குறைத்து எழுதியிருந்தார்.

"இருபது வருஷம்! அம்மா, யூ குட் டூ இட் இன் யுவர் ஸ்லீப்," என்றாள்.

"நித்திரையிலயும் செய்வன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

கேக்கின் மிச்சம் குளிர்பெட்டியில் இருக்கும்போதே அது நடந்துவிட்டது. இப்போது நான் என்னைப் பற்றி எழுதிக் கொடுத்த ஒரு அறிக்கை எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது. என் பழைய ஒலிப்பதிவுகள் சிலவற்றை வேறொருவர் கேட்டு முடிக்கும் வரை எனக்கு வேலை இல்லை. அவற்றில் என்ன இருக்கும் என்று எனக்கே தெரியாது. அந்த நினைப்புத்தான் பஸ்ஸோடு சேர்ந்து வந்து நின்று நின்று போகிறது.

விசாரணை அறையில் கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். அதனால் கீழே வருகிறவரின் பெயர், ஊர், வழக்கின் விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். என் பிழையை மட்டும் மாற்றவில்லை.

2

நான் வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறை. பகலில் ஒரு தையல் தொழிற்சாலை. பக்கத்து மெஷினில் லின் என்ற சீனப் பெண். என்னைவிட ஏழு வயது கூட. இருவரிடமும் இருந்த ஆங்கிலத்தைச் சேர்த்தாலும் ஒரு கைப்பிடிதான் வரும். அவள் பேசியதை என் தமிழில்தான் உங்களுக்குத் தர முடியும்.

லின் குளிர்சட்டைகளுக்குக் கை பொருத்துகிறவள். என் பக்கம் கழுத்தைத் திருப்பிக் கதைத்துக்கொண்டே தைப்பாள். துணி தானாக ஊசிக்குக் கீழே போய், தோள் வளைவில் வளைந்து, மறுபக்கம் சட்டையாக வெளியே வரும். நான் பற்களைக் கடித்துக்கொண்டு ஒரு சட்டைப் பையைத் தைத்து முடிக்கும்போது அவள் ஐந்து தோள்களைக் கடந்திருப்பாள். எப்படி என்று கேட்டேன்.

"நான் தைக்கவில்லை. துணிக்குப் போகத் தெரியும். நான் தள்ளி நிற்கிறேன்."

அது தத்துவம் என்று அப்போது தெரியாது. வேலை நேரத்துப் பகிடி என்று நினைத்தேன். வருடங்கள் போய், தொழிற்சாலை மூடி, நான் ஆங்கிலம் படித்து இந்த வேலைக்கு வந்த பிறகுதான் லின்னோடு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் போகத் தொடங்கினேன். ஸ்காபரோவில் ஒரு பிளாசா. பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேலே ஒரு வாடகை அறை. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒன்றரை மணித்தியாலம் ஒன்றும் செய்வதில்லை. அவர்களுடைய தாவோ மரபில் இதற்கு உட்கார்ந்து மறத்தல் என்று பெயர். முதலில் சத்தங்களை மறப்பது, பிறகு முழங்காலை மறப்பது, பிறகு மறக்கிற ஆளையே மறப்பது. முழங்காலை மறக்கவே எனக்கு நாலு வருடம் எடுத்தது.

எங்கள் ஊரிலும் "சும்மா இரு" என்கிறோம். தாய்மார் அதை அதட்டலாகச் சொல்வார்கள், சாமிமார் உபதேசமாகச் சொல்வார்கள். லின்னின் ஆட்கள் ஒரு படி மேலே போய், வேலை செய்துகொண்டே சும்மா இருக்கச் சொல்கிறார்கள். வூ வெய் என்பது அவர்களுடைய சொல். செய்யாமற் செய்தல் என்று நான் எனக்குள் மொழிபெயர்த்து வைத்திருந்தேன். ஒரு வேலையை ஆயிரம் முறை கஷ்டப்பட்டுச் செய்ய வேண்டும். கஷ்டம் மெல்ல மெல்லக் கைக்குள் இறங்கிக் கரையும். பிறகு ஒரு நாள், நீ கூப்பிடாமலே, வேலை தன் வழியைத் தானே கண்டுகொண்டு போகும். சரிவு எங்கே என்று தண்ணீர் யோசிப்பதில்லை.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. முதல் வருடங்களில் ஒவ்வொரு விசாரணையும் ஒரு மல்யுத்தம். குறிப்புப் புத்தகம் நனையுமளவுக்குக் கை வியர்க்கும். 'மச்சாள்' என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் அரை நிமிட விளக்கம் சொல்லி மூச்சு வாங்குவேன். எட்டாவது வருடத்தில் ஒரு நாள் விசாரணை முடிந்து கதிரையிலிருந்து எழும்பும்போதுதான் கவனித்தேன். இரண்டு மணித்தியாலம் போயிருந்தது. நான் மொழிபெயர்த்த நினைவே இல்லை. ஒரு பக்கத்தால் தமிழ் வந்து மறுபக்கத்தால் ஆங்கிலம் போயிருந்தது. நடுவில் என் வாய் ஒரு திறந்த வாசலாக இருந்திருக்கிறது.

அன்று பின்னேரமே லின்னிடம் ஓடினேன்.

"அந்த நேரம் நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டாள்.

"இல்லை. நான் இருக்கவேயில்லை."

"அப்ப யார் இருந்தது?"

"யாருமே இல்லை."

லின் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தேநீர் ஊற்றினாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

3

நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மொழிபெயர்ப்பை நான் கனடாவில் பழகவில்லை. யாழ்ப்பாணத்தில், ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் பழகினேன்.

பெரியம்மாவின் மகன் சேகர் எனக்கு ஒரு வயது மூத்தவன். திக்குவாய். வீட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. சோதனைச் சாவடியில் அது உயிர்ப் பிரச்சினை. எங்கே போகிறாய் என்று கேட்டால் உடனே பதில் வர வேண்டும். இடையில் ஒரு மூச்சு விழுந்தால் அந்த மூச்சுக்குள் எதையோ ஒளிக்கிறாய் என்று பொருள். ஒரு நாள் சேகர் "ப… ப…" என்று நின்றான். அவனை வரிசையிலிருந்து இழுத்துத் தனியே நிற்பாட்டினார்கள். இரண்டு நாளுக்குப் பிறகு திரும்பி வந்தான். என்ன நடந்தது என்று சொல்ல வாய் திறந்தான், முடியவில்லை, விட்டுவிட்டான்.

அதன் பிறகு நான் அவனுக்கு முன்னால் நின்றேன். சிங்களத்தில் பத்து வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னேன். அவன் பெயரைச் சொன்னேன், அவன் படிப்பைச் சொன்னேன், அவனுக்கு எங்கே போக வேண்டும் என்று சொன்னேன். அவனுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு நிற்கிற இடத்தில் ஆபத்து வரும், அதை உடனே மூடிவிட வேண்டும் என்பது என் எலும்புக்குள் போய்விட்டது.

சேகர் இப்போது லண்டனில் இருக்கிறான். போன மாதம் கூட வீடு விற்கிற கதையைச் சொல்லத் தொடங்கினான். அவன் "வீட்டை…" என்றதும் மிச்சத்தை நான் சொல்லிவிட்டேன்.

"நீயே சொல்லி முடி. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்," என்றான், திக்காமல்.

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தேன்.

4

விசாரணைகள் இப்போது பெரும்பாலும் கணினித் திரையில்தான் நடக்கின்றன. எங்கள் வீட்டில் பூட்டக்கூடிய கதவு அபியின் அறைக்கு மட்டும்தான். விசாரணை நாட்களில் அவள் சமையலறைக்குக் குடிபெயர்ந்துவிடுவாள். அன்று காலை திரையில் மூன்று சதுரம். ஒன்றில் விசாரணை அதிகாரி. வேறு நகரத்தில் இருக்கிறார், நரைத்த தாடி, முன்னால் தட்டச்சுப் பலகை. ஒன்றில் நான். மற்றதில் ஒரு இளம் பெண் வழக்கறிஞரும் அவருக்குப் பக்கத்தில் சூசையும்.

சூசை மன்னார்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி. வயது நாற்பது இருக்கும். மனைவியும் எட்டு வயது மகளும் அங்கே, மனைவியின் தங்கை வீட்டில். ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கப் பயம் என்பதால் அது மூன்றாவது வீடு. இங்கே அவரை ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். மறுத்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்குத் தேடி வந்தவர்களிடமே. இந்தக் காலைக்காக அவர் இரண்டு வருடம் காத்திருந்தார்.

தொடங்கும் முன் ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

"நான் கதைக்கிறது வடிவா விளங்குதோ?"

"ஓம் அக்கா. எங்கட பள்ளிக்கூட ரீச்சர் மாதிரிக் கதைக்கிறியள். பயமாக் கிடக்கு."

"பயப்படாதேங்கோ, நான் அடிக்கமாட்டன்."

சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

முதல் மணித்தியாலம் தண்ணீராக ஓடியது. திருமணம், வள்ளம், வலை, தம்பி காணாமற்போனது, முறைப்பாடு கொடுத்தது. அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நான் தொடங்கினேன், நான் முடிக்கும் இடத்தில் அவர் தொடங்கினார். மனதின் ஒரு மூலையில் நான் என்னையே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்போது விசாரணை அதிகாரி கேட்டார்: "அன்று காலை உங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள் என்கிறீர்கள். எப்படி வந்தார்கள்? விவரமாகச் சொல்லுங்கள்."

"ரெண்டு பேர் வந்தவை…" என்றார் சூசை. நின்றார். தன் வலது கையைப் பார்த்தார்.

நான் நிற்கவில்லை.

"இரண்டு பேர் வந்தார்கள். சிவில் உடையில், ஒரு வெள்ளை வானில்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரே மூச்சில். ஊரில் ஆட்களைக் கடத்திப் போகிற வண்டி பெரும்பாலும் அதுதான்; இருபது வருடமாக அந்த வசனத்தை அந்த இடத்தில் எத்தனை பேருக்காகச் சொல்லியிருப்பேன். வாய்க்கு வழி தெரியும், போய்விட்டது. போனது எனக்குத் தெரியவும் இல்லை. பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்த அதிகாரி அதைத் தட்டச்சில் ஏற்றிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். சூசை தலையை நிமிர்த்தி, விட்ட வசனத்தை விட்டபடியே வைத்துவிட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்.

இருபது நிமிடம் கழித்து அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் எழுத்தில் தந்த வாக்குமூலத்தில் அவர்கள் சைக்கிளில் வந்ததாக இருக்கிறது. இன்று வெள்ளை வான் என்று சொன்னீர்கள். எது உண்மை?"

அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். "நீங்கள் எழுத்தில குடுத்த வாக்குமூலத்தில…" வசனத்தின் நடுவில், 'வான்' என்ற சொல்லுக்கு வந்தபோது, அந்த வானை யார் கொண்டு வந்து நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

"வானோ?" சூசை முன்னால் குனிந்தார். "ஆர் வான் எண்டு சொன்னது? நான் அப்பிடிச் சொல்லேல்லையே அக்கா!"

விதி விதிதான். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "வானா? யார் சொன்னது? நான் அப்படிச் சொல்லவில்லை." அக்கா என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"ஒலிப்பதிவில் இருக்கிறது. நானும் குறித்திருக்கிறேன். ஒரு மணித்தியாலத்துக்குள் சொன்னதையே மறுக்கிறீர்களா?"

"ஐயா, மடு மாதா அறிய நான் சொல்லேல்லை. நான் வாய் திறந்து வான் எண்டு சொல்லேல்லை!"

மடு மாதா அறிய நான் சொல்லவில்லை என்று, சொன்னவளாகிய நான், என் வாயால் சொன்னேன். அதிகாரியின் முகம் மூடிக்கொண்டது. எனக்கு அந்த முகம் தெரியும். அந்த முகத்துக்குப் பிறகு என்ன சொன்னாலும் உள்ளே போகாது. வழக்கறிஞர் பத்து நிமிட இடைவேளை கேட்டார்.

5

கமராவை மூடினேன். ஒலியை மூடினேன். இரண்டையும் இன்னொரு முறை சரிபார்த்தேன். கதவைத் திறந்தபோது அபி தேத்தண்ணியோடு நின்றாள்.

"வட் ஹப்பின்ட்? யூ லுக் லைக் எ கோஸ்ற்."

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லை எண்டா உது என்ன முகம்?" அபிக்குத் தமிழ் முழுதாக வருவது என்னைக் கண்டிக்கும்போது மட்டும்தான்.

நடந்ததை அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வேறொன்றைக் கேட்டேன். "நீ ஒண்டைச் சொல்லி முடிக்க முன்னம் நான் சொல்லிப்போடுறனானோ?"

"அம்மா. சீரியஸ்லி? ஓல் த ரைம். ரெண்டாம் வகுப்பில ரீச்சர் என்ர பேர் கேட்டவா. நீங்கள் சொன்னீங்கள்."

"நீ வெக்கப்பட்டுக்கொண்டு நிண்டனி."

"நான் வெக்கப்படேல்லை. சொல்லத்தான் வந்தனான். ஐ வோஸ் கெற்றிங் தெயர்." குவளையை என் கையில் தந்தாள். "அதாலதான் உங்களுக்கு நான் ஒண்டும் சொல்லுறேல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். காலநிலை அறிக்கை மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஆறு நிமிடம் இருந்தது. கதவைச் சாத்தினேன்.

அந்த ஆறு நிமிடமும் எனக்குள் ஒரு குரல் நல்ல அமைதியோடு பேசியது. ஒன்றும் செய்யாதே என்றது. வழக்கறிஞர் கெட்டிக்காரி, ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். பயத்தில் மாறிச் சொல்லிவிட்டார் என்பார், அதிகாரியும் அப்படி எத்தனையைப் பார்த்திருப்பார். அங்கே தமிழ் தெரிந்தது உனக்கும் சூசைக்கும் மட்டும். ஆற்றைத் தள்ளாதே, அது தன் வழியில் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினாலு வருடம் உட்கார்ந்து சேர்த்த சொற்கள் எல்லாம் அந்தக் குரலிடம் இருந்தன. கோழைத்தனம் அவ்வளவு தெளிவாகத் தாவோ பேசும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த நேரத்தில் லின் ஒரு முறை சொன்ன கதை நினைவுக்கு வந்தது. தொழிற்சாலையில் அவளுடைய கை உச்சத்தில் இருந்த காலம். ஒரு நாள் காலை நாற்பது குளிர்சட்டைகளை மதியத்துக்குள் முடித்துவிட்டாள். மேற்பார்வையாளர் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அடுத்ததைப் போட்டுப் பார்த்தார். நாற்பதுக்கும் இரண்டு பக்கமும் இடது கை. வெட்டி வந்த கட்டுகளில் ஒன்றை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். அவள் பார்க்கவில்லை.

"தையல் எப்படி?" என்று கேட்டேன்.

"என் வாழ்க்கையில் அதைவிட நல்ல தையல் தைத்ததில்லை." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் சொன்னாள்: "தள்ளி நிற்க வேண்டும். வெளியே போய்விடக் கூடாது. தள்ளி நிற்கிறவளுக்குத் துணி தெரியும்."

யாருமே இல்லை என்று நான் பெருமையோடு சொன்ன நாளில் அவள் ஏன் பேசாமல் தேநீர் ஊற்றினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் தள்ளி நின்றிருக்கவில்லை. ஒரு பழக்கத்தைக் காவலுக்கு வைத்துவிட்டு வெளியே போயிருந்தேன். அந்தப் பழக்கம் சேகருக்காக உண்டானது. நாற்பது வயது மனிதரின் வாயை அது சேகரின் வாய் என்று நினைத்திருக்கிறது.

தீர்மானித்தேன் என்று எழுத ஆசை. உண்மையில், திரை திரும்ப வந்தபோது நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. ஒலியைத் திறந்தேன். சூசையைப் பார்த்தேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அவர் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். ஒருவேளை சொன்னேனோ என்று உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அந்த உதடுகள்தான் என்னைப் பேச வைத்தன.

6

"மொழிபெயர்ப்பாளர் ஒரு விடயம் சொல்ல அனுமதி கேட்கிறார்."

எங்கள் தொழிலில் மற்றவர்கள் எல்லாரும் 'நான்'. நமக்காகப் பேசும்போது மட்டும் நாம் மூன்றாம் ஆள். அதிகாரி தலையசைத்தார்.

"வெள்ளை வான் என்பது மொழிபெயர்ப்பாளரின் வார்த்தை. சிவில் உடை என்பதும் அப்படியே. மனுதாரர் 'இரண்டு பேர் வந்தார்கள்' என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் நின்றார். மொழிபெயர்ப்பாளர் நிற்கவில்லை."

அதே விடயத்தைச் சூசைக்கும் சொல்ல வேண்டும். அதற்கு மூன்றாம் ஆள் உதவவில்லை.

"தம்பி, வான் எண்டு சொன்னது நான். நீங்கள் சொல்லேல்லை. பிழை என்ர."

வழக்கறிஞரின் முகம் சிவந்து வந்தது. "இப்படி வேறு இடங்களிலும் நடந்திருக்கிறதா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாய் எழுந்தது. பிடித்து நிறுத்தினேன்.

"மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. ஒலிப்பதிவை வேறொருவர் கேட்க வேண்டும்."

அதைச் சொன்ன கணத்தில் இருபது வருடமும் என் முதுகுக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது, இந்த மூன்று கிழமையாக, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். பிறகு, வேறு மொழிபெயர்ப்பாளரோடு இன்னொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம், அல்லது மனுதாரர் விரும்பினால் அந்தப் பகுதியை மறுபடி கேட்டு இன்றே தொடரலாம், பதிவு எப்படியும் சோதிக்கப்படும் என்றார். மனுதாரர்தான் சொல்ல வேண்டும் என்றார். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சூசையிடம் கேட்க அந்தத் திரையில் என்னைத் தவிர வேறு வாய் இல்லை. கேட்டேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் கேட்டேன்.

"வேற ஆள் எண்டால் எவ்வளவு நாள் செல்லும்?"

அதிகாரி திகதி சொல்ல முடியாது என்றார். மாதங்கள் ஆகலாம்.

சூசை பக்கத்தில் இருந்த வழக்கறிஞரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மூன்றாவது வீட்டில் இருக்கிற இரண்டு பேரைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கமராவுக்குத் திரும்பினார்.

"அக்காவே செய்யட்டும். ஆனா அக்கா, நான் நிண்டா நீங்களும் நில்லுங்கோ."

"இவரே செய்யட்டும். ஆனால் நான் நின்றால் இவரும் நிற்க வேண்டும்," என்று அவருடைய 'நான்' ஆக ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

கேள்வி திரும்ப வந்தது. அன்று காலை வந்தவர்கள் எப்படி வந்தார்கள்.

"ரெண்டு பேர் வந்தவை," என்றார் சூசை.

"இரண்டு பேர் வந்தார்கள்," என்றேன்.

அவர் நின்றார். நானும் நின்றேன்.

திரையில் ஒன்றும் அசையவில்லை. என் நாக்கு மேலண்ணத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வெள்ளை வான் இயந்திரத்தை நிறுத்தாமல் பற்களுக்குப் பின்னால் உறுமியது. அதை விட்டால் வேறொன்று வந்தது: மோட்டார் சைக்கிள், ஜீப், பெயர் தெரியாத ஆட்கள். என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. ஒவ்வொன்றையும் வந்த வழியே அனுப்பினேன். சூசை வலது கையை இடது கையால் மூடினார். அந்தக் கையை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். விரல் மூட்டுகளில் வலைக் கயிறு அறுத்த தழும்புகள். எத்தனை நொடி என்று தெரியாது. அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. என் மூச்சும் கேட்டது. எங்களுக்கிடையில் இருந்த அந்த இடத்தில் நான் விழித்துக்கொண்டு இருந்தேன். அது எனக்குப் பாரமாகவும் இல்லை.

"மொழிபெயர்ப்பாளரே," அதிகாரி திரைக்குக் கிட்ட வந்தார். "தொடர்பு அறுந்துவிட்டதா? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை."

"தொடர்பு இருக்கிறது. மனுதாரர் இன்னும் சொல்லவில்லை."

அவர் பின்னால் சாய்ந்தார்.

"சைக்கிளில வந்தவை," என்றார் சூசை. "ஒரே சைக்கிளில ரெண்டு பேரும். மிதிச்சுக்கொண்டு வந்தவர் என்ர பிள்ளையின்ர ஞானத்தகப்பன்."

வாக்குமூலத்தில் 'ஒருவரை எனக்குத் தெரியும்' என்று மட்டும் எழுதியிருந்ததாகப் பிறகு அறிந்தேன். ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் என்று அதில் இல்லை. வழக்கறிஞர் பேனாவை மேசையில் வைத்தார்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சைக்கிளில் வந்தார்கள். ஒரே சைக்கிள். மிதித்து வந்தவர் என் பிள்ளையின் ஞானத்தகப்பன். அவர் நின்ற இடத்தில் நின்றேன்.

அதிகாரி தட்டச்சுப் பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார். அவசரப்படுத்தாத ஒரு சிறிய வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னார். அதைத் தமிழில் சூசைக்குச் சொன்னேன்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ."